உள்ள யாரு இருக்கா?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணலாகப் போகும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன். பல விஷயம் மறந்தும் போய்விட்டது. வருசத்தைக் கேட்டால் எண்பத்தி ஐந்து என்றும் சொல்வேன், ஆறு என்றும் சொல்வேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயசு நடந்துகொண்டிருந்தது, அது மட்டும் நிச்சயம். அவள்தான், "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா, நீ எழுதி வை" என்றாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்குள் குடியிருந்தோம். சிரிக்க வேண்டாம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பின்பக்கத்தில் வேலை ஆட்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்பக்கம் போனால் மார்கழி, பின்பக்கம் வந்தால் கத்திரி வெயில். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஐஸ் பார் எடுக்கிற வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகள் வரிசையாக முங்கிக் கிடக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்ததும் பெட்டியைச் சங்கிலி போட்டுத் தூக்கிச் சாய்த்தால், ஒரு பிள்ளை உயரத்துக்குப் பார் வழுக்கிக்கொண்டு வந்து விழும். அதைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு போய் ஐஸ் ரூமுக்குள் அடுக்க வேண்டும். சோடாக் கடைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அங்கே இருந்துதான் போகும்.

சாவு விழுந்த கேத வீட்டுக்கும் போகும். வெளியூரில் இருக்கிற மகன் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் உடம்பு தாங்க வேண்டுமே, அதற்காக. கேதத்துக்குப் போகிற பாரை வண்டியில் ஏற்றும்போது மட்டும் ஆட்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதனாலோ என்னவோ, ஐஸ் ரூமில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அங்கே எல்லாருக்கும் ஒரு எண்ணம். தனியாக இருக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுமாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது, பேசாமல் போய்விட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் இதைச் சிரிக்காமல்தான் சொல்வார்.

ஐஸ் ரூம் என்றால் ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவரும் கதவும் மெத்தை மாதிரி கனம். கதவுக்குள்ளே என்னத்தையோ அடைத்து வைத்திருந்தார்கள், தக்கையா உமியா எனக்குத் தெரியாது. வெளிப்பக்கம் குறுக்கே விழுகிற ஒரு இரும்புத் தாழ். உள்பக்கம் பிடி கிடையாது. கரண்ட் போய்விட்டால் அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஐஸ் ரூம் கதவு திறந்து கிடக்கக் கூடாது. கதவு லேசாக விலகியிருப்பதை யார் பார்த்தாலும், முதலாளியானாலும் சரி, கூட்டுகிற ஆளானாலும் சரி, ஒரு தள்ளுத் தள்ளித் தாழைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. மிஷின் ஓடாதபோது உள்ளே இருக்கிற குளிர்தான் எல்லாருக்கும் சோறு. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கை தானாகப் போகும்.

அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரும் என்று கொடியில் கிடந்த துணியை எடுத்தோம். மழை வரவில்லை. காற்று மட்டும் வந்தது. லைன் கம்பங்கள் சாய்ந்து, டிரான்ஸ்பார்மரும் வெடித்து, எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வரவில்லை. பக்கத்து மில்லும் நின்றுவிட்டது. மில் சத்தம் இல்லாத ராஜபாளையத்தை நான் அப்போதுதான் கேட்டேன். காதுக்குள் என்னவோ அடைத்த மாதிரி இருந்தது.

வெக்கை என்றால் அதுதான் வெக்கை. கூரையை அண்ணாந்து பார்த்தாலே கண் எரியும். தரையில் தண்ணீர் தெளித்தால் தெளித்த இடத்தில் இருந்து ஆவி வரும். மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் நின்றுபோனது. குடத்தில் பிடித்து வைத்தது, குடிக்கும்போது வெந்நீராக இருந்தது. என் மகள் உடம்பெல்லாம் வேர்க்குரு. முதல் நாட்களில் அழுதாள். பிறகு அழவில்லை. நான் தொட்டால் என் கையைத் தள்ளிவிட்டாள். "சுடுதும்மா, தொடாத" என்பாள். ஒரு மத்தியானம் அதையும் சொல்லவில்லை. உதடு வெடித்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். காலையில் இருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டில் இருந்த அக்கா தெலுங்கு பேசுகிறவர். எட்டிப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"அய்யோ தல்லி! ஏமாயிந்தி? பிள்ளைக்குக் கண்ணு சொருகுது, நீ ஓலை விசிறிய வச்சுக்கிட்டு வெந்நிய ஆத்துற மாதிரி வீசிக்கிட்டு இருக்க!"

"என்ன செய்யக்கா? அவிய கரண்ட் ஆபீசுக்குப் போயிருக்காவ."

"அவரு வந்துதான் பிள்ளையத் தூக்கணுமா? ஐஸ் கம்பெனியில குடியிருந்துக்கிட்டுப் பிள்ளைய வேக வைக்கியேடி. ஓடு!"

குடத்தில் மிச்சம் இருந்ததை என் தலையிலும் பிள்ளை தலையிலும் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அவளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். முக்கு திரும்புகிறதுக்குள் முந்தானை காய்ந்துபோனது. உடம்போடு ஒட்டின துணி மட்டும் ஈரமாகவே இருந்தது. அந்த ஈரம்தான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.

மிஷின் ஓட்டுகிற அண்ணாச்சி மட்டும் இருந்தார். என் வீட்டுக்காரரைவிடப் பெரியவர். வேலை இல்லாததால் மிஷினுக்குப் பக்கத்தில் முதுகைச் சாய்த்திருந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு துண்டு ஐஸ் வேணும்."

அவர் எழுந்து வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "ஒரு துண்டு எதுக்கு ஆகும் தாயி? அடுப்புல போட்ட மாதிரிப் போயிரும். உள்ள கொண்டு போய்ச் செத்த நேரம் வச்சிரு."

"பொம்பளைக உள்ள போகக் கூடாதும்பாவளே."

"நான் சொல்லுதேன்லா? முதலாளி கேட்டா என்னையக் கேக்கட்டும். சாக்குக் கெடக்கும், அதுல உக்காரு. பார் மேல பிள்ளைய வச்சிராத, தோல் ஒட்டிக்கிடும். நான் இங்கனதான் இருப்பேன்."

தாழைத் தூக்கிக் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். கதவு முழுக்க மூடிவிடாமல் இருக்க ஒரு சாக்கைச் சுருட்டி இடுக்கில் செருகினார். கை அகலத்துக்கு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

உள்ளே போனதும் வந்தது சந்தோஷம்தான். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும். சுவர் ஓரமாக, அடுக்கி வைத்த பார்களுக்குப் பின்னால், சாக்குக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஐஸ் சில்லை எடுத்துப் பிள்ளையின் உதட்டில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் சப்ப ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஒன் வாயில பொகை வருது. நீ பீடி குடிக்கியா?"

"ஏட்டி, சும்மா இரு."

"எனக்கும் வருதே! நானும் பீடி குடிக்கேன்! ஆஆ..."

பேச்சு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இன்னும் செத்த நேரம், இன்னும் செத்த நேரம் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே போனால் மறுபடியும் அந்தக் கூரைக்கு அடியில்தானே கிடக்க வேண்டும்?

அந்த நேரத்தில்தான் லைன் பார்க்கிற ஆட்கள் டிரான்ஸ்பார்மர் பக்கம் வந்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொல்ல, அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு இருமல் சத்தம். மிஷினில் இருந்து வருகிற அமோனியா வாடையில் வேலை பார்க்கிற ஆண்கள் எல்லாருக்கும் இருமல் உண்டு. ஆனால் ரெண்டு தடவை இருமிவிட்டுத் தொண்டையைச் செருமுகிறது என் வீட்டுக்காரர்தான். கரண்ட் ஆபீசில் இருந்து திரும்பி வந்துவிட்டார்.

"எந்தப் பய கதவத் தொறந்து போட்டது? உருகி ஓடுனா எவன் பதில் சொல்லுவான்?"

சாக்கை உருவுகிற சத்தம் கேட்டது. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரிந்திருக்காது. நாங்களும் பாருக்குப் பின்னால் இருந்தோம். பிள்ளை மேல் போர்த்துவதற்காக என் சேலையைப் பாதி உருவியிருந்தேன். கூட வேறு ஆள் யாரும் நிற்கிறார்களோ என்று அதைச் சுற்றிக்கொண்டு எழுந்தேன். "ஏங்க" என்றேன். என் குரல் சாதாரணமாகவே அடுத்த ஆளுக்குக் கேட்காது. கதவு வந்து அடைத்தது. தாழ் விழுந்தது.

பட்டப்பகலில் அப்படி ஒரு இருட்டு. தடவிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். தலையணையில் அடிக்கிற மாதிரி இருந்தது, சத்தமே வரவில்லை. "ஏங்க, ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். அப்படித்தான் எனக்குக் கூப்பிடத் தெரியும். தாலி கட்டின நாளில் இருந்து அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வேன்.

முதலில் பயமாக இல்லை. அண்ணாச்சி இருக்கிறாரே, வந்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு என் பல் தட்ட ஆரம்பித்தது. பிள்ளைக்கும் தட்டியது. அவள் அதையும் விளையாட்டு என்று நினைத்து, "டட்டட்டட்டா" என்றாள். எங்கள் ரெண்டு பேர் துணியும் ஈரம். அவள் கவுனைக் கழற்றிப் போட்டேன். என் சேலையையும் அவிழ்த்துப் போட்டேன். கையால் தடவித் தடவிக் காய்ந்த சாக்காகப் பார்த்து இழுத்தேன். ஒரு மூட்டையில் உமி இருந்தது. அதைக் கொட்டி, அதற்குள் உட்கார்ந்து, பிள்ளையைத் துணியில்லாத என் வயிற்றோடு ஒட்டி வைத்து, மேலே சாக்கை இழுத்து மூடிக்கொண்டேன். காலையில் என் கையைச் "சுடுது" என்று தள்ளின பிள்ளை, இப்போது எனக்குள்ளேயே திரும்பப் போய்விடப் பார்க்கிற மாதிரி முட்டினாள்.

ஐஸ் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கும், பிறகு வேறு ஒரு மூலையில் இருந்து வரும். யாரோ இடம் மாறி மாறி உட்கார்ந்து விரலைச் சொடுக்குகிற மாதிரி. கேதத்துக்குப் போகிற பார் நினைப்பு வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பார் யாருடைய தலைமாட்டுக்குப் போகப்போகிறதோ என்று நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்ததெல்லாம் வந்தது.

பிள்ளையைத் தூங்க விட்டுவிடக் கூடாது என்று மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளிடம் கேட்பார்களே, அந்தக் கேள்விகளைக் கேட்டேன்.

"உன் பேரு என்ன?"

சொன்னாள்.

"ஊரு பேரு என்ன?"

"ராசாளையம்."

"அய்யா பேரு என்ன?"

அய்யா பெயரைச் சொல்வதென்றால் அவளுக்கு எப்போதும் குஷி. அம்மா சொல்லாததை அவள் சொல்கிறாளே. கத்திச் சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவரப் பதில் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஊர் பெயர் விட்டுப்போனது. அவள் பெயர் விட்டுப்போனது. அய்யா பெயர் மட்டும் வந்தது, பிறகு அதில் முதல் எழுத்து மட்டும் வந்தது. நடுக்கமும் நின்றுவிட்டது. நடுக்கம் நின்றதும் நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் என் வயிற்றில் ஒட்டியிருந்த அவள் கன்னமும் பாரும் ஒரே மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது.

"அய்யா பேரு என்ன? ஏட்டி, அய்யா பேரு என்ன?"

பதில் இல்லை.

அந்தப் பதிலை நான் சொன்னேன்.

சொன்னேன் என்றுதான் எழுத வருகிறது. ஆனால் வாயைத் திறந்து சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. என் நாக்கு அப்போது மரக்கட்டை மாதிரி இருந்தது. தாடை என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பெயர் அந்த இருட்டில் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் சொன்ன மாதிரியும் இருக்கிறது, யாரோ சொல்லி நான் கேட்ட மாதிரியும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வெளிச்சம்தான் ஞாபகம். அண்ணாச்சி திரும்பி வந்து, "உன் வீட்டுக்காரி பிள்ளையோட வெளிய வந்துட்டாளாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க இருந்து?" என்றிருக்கிறார் இவர். இவர்தான் தாழைத் தூக்கினார். வெயில் அப்படியே பாளம் பாளமாக உள்ளே விழுந்தது. அந்த வெயிலை அவ்வளவு ஆசையாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணாச்சி ஓடிவந்து பிள்ளையை எடுத்தார். என் வீட்டுக்காரர் அசையவில்லை. வாசலிலேயே நின்றார். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். உடம்பில் சேலை இல்லையே, அதனால்தான் என்று நினைத்து நான் சாக்கை இழுத்துக்கொண்டேன். அது அதனால் இல்லை என்று தெரிய எனக்குப் பல வருசம் ஆனது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காதான் கத்தினார். "உமியில போடுங்கய்யா! வெளிய கெடக்குற உமியில போடுங்க!" பார் உருகாமல் இருக்க மேலே போடுவதற்காக முற்றத்தில் உமி குவித்துக் கிடந்தது. நாள் முழுக்க வெயிலில் காய்ந்தது. உள்ளே கை விட்டால் பொறுக்காது. அதில் குழி பறித்து, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கழுத்து வரைக்கும் மூடினார்கள். மத்தியானம் எந்த வெக்கை அவளைக் கொல்லப் பார்த்ததோ, அதே வெக்கையை எல்லாரும் சேர்ந்து அள்ளி அள்ளி அவள் மேல் போட்டார்கள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து என் காலில் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு நடுக்கம் திரும்பி வந்தது. பிறகு அழுதாள். அவள் அழுததும் அக்கா மண்ணில் உட்கார்ந்து தெலுங்கில் சாமியைத் திட்டினார். சந்தோஷம் வந்தால் அவர் திட்டத்தான் செய்வார்.

என் வீட்டுக்காரர் கம்பெனி வாசலில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். "நான்தான் சாத்துனேன், நான்தான் சாத்துனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கம்பெனி வழக்கம்லா அது? நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன்" என்றார் அண்ணாச்சி. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் குறையும் இல்லை.

கரண்ட் வந்து மிஷின் ஓடின பிறகும் அவர் ஐஸ் ரூமுக்குள் போகவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு பால்கோவாக் கடையில் அடுப்புக்கு நின்றார். பெரிய சட்டியில் பாலை ஊற்றி, விறகுத் தீயில் விடாமல் கிண்ட வேண்டும். சித்திரை வெயிலிலும் அதே தீக்கு முன்னால்தான். "குளுகுளுன்னு இருந்த வேலைய விட்டுட்டு இந்தக் கொதியில வந்து மாட்டிக்கிட்டீரே" என்று கடையில் கேலி பண்ணுவார்கள். "எனக்கு இதுதான் ஒத்துக்கிடுது" என்பார்.

இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தக் கதவைச் சாத்தினாலும் அதற்கு முன்னால், "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்பார். ராத்திரி வாசல் கதவு என்றாலும் சரி, கக்கூஸ் கதவு என்றாலும் சரி. பீரோவைச் சாத்தும்போதுகூடக் கேட்டார். பதில் வராவிட்டால் தலையை உள்ளே விட்டு ஒரு தடவை பார்ப்பார். மகள் கொஞ்சம் பெரியவளானதும் இதை வைத்தே அவரைப் படுத்தி எடுத்தாள். "அய்யா, அரிசிப் பானைய மூடப் போறேன். உள்ள யாரு இருக்கா? யாருமில்லையா? சரி, மூடிட்டேன்!" அவரும் சிரிப்பார். ஆனால் அரிசிப் பானைப் பக்கம் ஒரு பார்வை போகும். அவளுக்கு எதனால் என்று தெரியாது. கோயில் பக்கம் போனால் அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தரவேண்டும், இல்லாவிட்டால் நடக்கமாட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

தொண்ணூறுக்குப் பிறகு ஒரு வருசம், ஐப்பசியா கார்த்திகையா, விடாமல் மழை. கண்மாயெல்லாம் நிறைந்து, லைன் அறுந்து, மறுபடியும் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. சுவரெல்லாம் ஊறிப்போனது. மலையில் இருந்து ஊதல் காற்று. அரைத்துக் கரைத்து வைத்த மாவு புளிக்காமல் அப்படியே கிடந்தது. துணி காயவே இல்லை. கடை அடுப்பும் எரியவில்லை. அடுப்பு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இருக்கிற போர்வையெல்லாம் போட்டும் நடுங்கினார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான், ஆனால் விளக்கு வைக்கிற இருட்டு.

"ஏட்டி" என்றார்.

"என்னங்க?"

"அன்னைக்கு ஐஸ் ரூமுக்குள்ள இருந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது யாரு?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்லா. பொறவு கொக்கிய எடுக்க அந்தப் பக்கம் வந்தேன். உள்ள இருந்து ஒரு பொம்பளக் குரல். என் பேரு. ஒரே ஒரு தடவதான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. என் பேரச் சொல்லிக் கூப்பிடுற பொம்பள எங்க அம்மா ஒருத்திதான். அவிய செத்து எம்புட்டு வருசமாச்சு. நான் என்னன்னு நெனைப்பேன்? திரும்பிப் பாக்கக் கூடாதும்பாவள்ளா, ஓடிட்டேன். அண்ணாச்சி வந்து கேக்க வரைக்கும் வாசல் மரத்தடியில உக்காந்து நடுங்கிக்கிட்டு இருந்தேன். அப்பமே தொறந்திருந்தா..."

எனக்கு அன்றைக்கு அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை புரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது நீயா?"

ஆமாம் என்றால், பெண்டாட்டி உயிருக்குக் கூப்பிட்டபோது பேய் என்று பயந்து ஓடினவர் ஆகிவிடுவார். இல்லை என்று சொல்ல எனக்கு நிச்சயம் இல்லை. அப்படி எல்லாம் யோசித்துப் பேசுகிறவள் இல்லை நான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் என்னைக்குங்க உங்க பேரச் சொல்லியிருக்கேன்?"

"அதான்" என்றார். "நீ சொல்ல மாட்ட." மூச்சு ஒன்று நீளமாக வந்தது. பிறகு சின்னக் குரலில், "அப்பம் அது யாரு?" என்றார்.

"தூங்குங்க."

மகள் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் தெரியாதவள். காற்று அடிக்கிறது என்று அறைக் கதவில் கையை வைத்து, அவர் மாதிரியே ரெண்டு தடவை இருமி, தொண்டையைச் செருமி, "உள்ள யாரு இருக்கா?" என்றாள்.

"நாங்கதான் தாயி இருக்கோம்" என்றார் அவர்.

அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. சில வருசத்தில் அவர் நெஞ்சுச் சளியிலேயே போய்விட்டார். அவர் தம்பி பம்பாயில் இருந்து வரவேண்டியிருந்தது. அதனால் ஐஸ் வாங்கி வைத்தார்கள். எங்கே இருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இறக்கினபோது உமி ஒட்டியிருந்தது. இறக்கின ஆட்கள் பேசாமல் இறக்கினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சொட்டுச் சத்தம் கேட்டது, ஒரு மூலையில் நின்று இன்னொரு மூலையில். அப்போது ஒரு தடவை குனிந்து அவர் காதில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று இருந்தது. சொன்னால் எனக்கே தெரிந்துவிடும், அந்த இருட்டில் நான் கேட்டது என் குரலா இல்லையா என்று. உதடு வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஆட்கள். எனக்குக் கூச்சம். சொல்லவில்லை.

இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். மகள் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வியர்க்கிறது. எனக்கு முதலில் பாதம் குளிர்கிறது. எழுந்து எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கரண்ட் வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தும்போது, "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்கிறேன். எனக்கே தெரியாமல் பழகிவிட்டது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நான் எழுதினதைச் சரி பாருங்கள். வருசம் தப்பாக இருக்கலாம். சித்திரை இல்லை, வைகாசியாகக்கூட இருக்கலாம். கதவுக்குள் அடைத்திருந்தது தக்கையா உமியா என்று தெரிந்தவர்கள் திருத்துங்கள். அதைவிட முக்கியமாக ஒன்று. அவ்வளவு கனமான கதவு, தாழ் போட்ட பிறகு, உள்ளே ஒரு பொம்பளை, அதுவும் என்னை மாதிரிக் குரல் உள்ளவள், ஒரே ஒரு தடவை ஒரு பெயரைச் சொன்னால் வெளியே நிற்கிறவருக்குக் கேட்குமா? கேட்கும் என்றால், கூப்பிட்டது நான்தான் என்று நான் அவரிடம் இனிமேலாவது சொல்லிவிடுவேன். கேட்காது என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.